நாலு மெஷினுக்கு ஒரு எஞ்சின்

தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் யாராவது பேச்சுக் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். "இன்னாம்மா, மாப்ள வூட்டு சீரா?" என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார். கண்டக்டர் குனிந்து அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"இது லக்கேஜா, கொயந்தையா? கொயந்தன்னா ஃப்ரீ."

"கொயந்ததான் சார். மூணு மாசம் ஆவுது."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு எனக்கு வந்த முதல் சிரிப்பு அது. சிரித்த கையோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பயணம் என்றால் கப்பலேறிப் போனவர்கள்தான் எழுதுவார்கள். நான் ஐந்து நாளில் போனது செங்கல்பட்டு, மாமல்லபுரம், புதுப்பட்டினம். எங்கள் குப்பத்திலிருந்து எதுவுமே ஒரு பகல் தூரம்கூட இல்லை. ஆனால் அம்மா செத்துப்போய் ஏழாவதோடு படிப்பை விட்ட நாளிலிருந்து நான் மீன் கூடையும் அடுப்புமாகவே இருந்தவள். எனக்கு அவை மூன்றும் வேறு தேசம்.

கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எங்களுக்கு நிறைய வந்தது. படகு கொடுத்தவர்கள் வேறு, எஞ்சின் கொடுத்தவர்கள் வேறு. நைனாவுக்கு ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. எஞ்சின்காரர்கள் வந்தபோது நோட்டைப் பிரித்து, "உங்களுக்குப் படகு வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். நைனா, "வந்துடுச்சு" என்றார். அவர்கள் அதை 'எல்லாம் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு கூட்டம் வந்து, ஆள் போன வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு தையல் மெஷின் கொடுத்தது. எங்கள் வரிசையில் நாலு வீடு, நாலு மெஷின். எங்களில் ஒருத்திக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஸ்டவ் மட்டும் வீட்டுக்கு நாலைந்து சேர்ந்தது. எல்லாவற்றின் மேலும் சிவப்பு பெயிண்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தது.

எஞ்சின் இல்லாத படகு மணலில் கிடந்தது. நைனா அதன் நிழலில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். படகு கொடுத்தவர்கள் ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: ஒண்ணாம் தேதி வருவோம், அன்றைக்கும் மணலில் சும்மா கிடக்கிற படகை அடுத்த குப்பத்துக்கு மாற்றிவிடுவோம். நைனா, "எடுத்துகினு போவட்டும்" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. படகும் போய்விட்டால் அவர் எந்த நிழலில் உட்காருவார்? ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். மெஷினைக் கொடுத்து எஞ்சினை வாங்கிவிடலாம் என்று அவ்வளவு சுலபமாக நினைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வழி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. அண்ணனைத் தேடி ஒரு தடவை அதில் நடந்திருக்கிறேன். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் திரும்பினேன். இந்தப் பக்கத்தில் ஊர் வேறு மாதிரி இருந்தது. கரும்புச் சாறு, பூக்கடை, செருப்புக்கடை, எல்லோருக்கும் எங்கேயோ போகிற அவசரம். ஒருவர்கூட என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய நாஸ்தா சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மோட்டார் கடைக்காரர் மெஷினைத் திருப்பி, சிவப்பு எழுத்தைச் சத்தமாகப் படித்தார். "விற்பனைக்கு அல்ல. வேணாம்மா, அப்புறம் எனக்குப் பேஜாரு."

"நான் விக்கலண்ணா. மாத்திக்கத்தான் வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"மாத்தக் கூடாதுன்னு இதுல எழுதலையேண்ணா?"

அவர் என்னையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாய் கீது உனக்கு. ஆனா ஒரு மெஷினுக்கு எஞ்சின் கேக்குறியே, நியாயமா? ரெண்டு போல்ட்டு வேணா தரேன்."

இன்னும் இரண்டு கடை ஏறினேன். இரண்டிலும் இதே பதில், போல்ட்டு மட்டும் கிடையாது. ஓட்டலில் பூரி சாப்பிட்டேன். கிழங்கில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. எங்கள் வீட்டில் இப்படிச் செய்தால் நைனா தட்டைத் திருப்பி வைப்பார். ஆனால் அந்த ஓட்டலில் எல்லோரும் இரண்டாவது செட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக நூல், பட்டன் விற்கிற கடை ஒன்றின் வாசலில் மெஷினை இறக்கிவைத்துக் கையை உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு அக்கா கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தாலிக்கு மேலே இஞ்ச் டேப் தொங்கியது.

"நாலு மெஷின் குடுங்க, யூனிபார்ம் தெச்சுக் குடுத்துட்டு பணம் கட்றேன்னுதான சொல்றேன்?"

"பணம் கட்டிட்டு எடுத்துகினு போங்கன்னுதான் நானும் சொல்றேன்."

வெளியே வந்தவர் என் மெஷின்மேல் இடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். அடுத்த நிமிடம் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் தனம். புதுப்பட்டினம். பக்கத்தில் அணுமின் நிலையத்து ஆட்கள் குடியிருக்கிற அணுபுரம் டவுன்ஷிப் வீடுகளுக்கு ரவிக்கை தைக்கிறவர். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. டவுன்ஷிப் பிள்ளைகளின் யூனிபார்ம் முழுக்க இந்த வருஷம் அவர் கைக்கு வந்திருந்தது. தைக்க நாலு பெண்களையும் பிடித்துவிட்டார். மெஷின்தான் இல்லை.

"நீ இன்னாத்துக்கு இத்த தூக்கிகினு சுத்துற?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் 'எஞ்சின்' என்றதும் இஞ்ச் டேப்பை இறுக்கிப் பிடித்தார்.

"எங்க வூட்ல ஒண்ணு சொம்மா கீது. எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தாங்க. நான்தான் அவர கடல் பக்கம் வுடல. இப்ப டவுன்ஷிப்ல தோட்ட வேலைக்குப் போறாரு. அத்த விக்கலாம்னா செவப்புல எழுதி வெச்சிக்கிறானுங்க."

"எங்களுதுலயும் அதேதான் எழுதிக்கீது அக்கா."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"ஒரு மெஷினுக்கு எஞ்சின் தர மாட்டேன்" என்றார். "நாலு கொண்டா. தூக்கிகினு போ."

திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. ஆம்பளை பொம்பளை எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் மெஷினைக் கொண்டுபோய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாப்பாவ பத்தரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நானும் போய்த் தள்ளினேன். காலையில் பார்த்த அதே கண்டக்டர். "இன்னும் வெலபோகலையா?" என்றார். "இதுக்கு மூணு தங்கச்சி சேந்தாத்தான் போவுமாம்" என்றேன்.

மறுநாள் காலையில் அந்த மூன்று மெஷின்களுக்காக வீடு வீடாகப் போனேன். எங்கள் வீடு என்றால் தகரக் கொட்டாய். பக்கத்துக் கொட்டாய் கன்னியம்மா அத்தை, மாமாவைக் கடலுக்குக் கொடுத்தவர். மெஷின்மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"எடுத்துகினு போ" என்றார். "அத்தப் பாத்தா அவரு மூஞ்சிதான் வருது. ஒரு ஆளுக்கு ஒரு மெஷின்னு குடுத்தாங்க இல்ல?" மெஷின்மேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு வியாபாரக் குரலில், "ஆனா சொம்மா தர மாட்டேன். எனக்கு அம்மி குடு" என்றார்.

"அம்மியா?"

"அஞ்சு அடுப்பு குடுத்தானுங்களே, ஒரு அம்மி குடுத்தானா? எங்க அம்மி எந்த மண்ணுல பொதஞ்சி கீதோ. பாக்கெட்டு மசாலாவுல கொழம்பு வெச்சி நாக்கே செத்துப் போச்சு."

மற்ற இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. யாரும் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று மெஷினுக்கு மூன்று அம்மி, குழவியோடு. ஐந்து மாதமாக ஊருக்குள் லாரி லாரியாகச் சாமான் இறங்கியது. இந்தப் பெண்களுக்கு என்ன இல்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் ஒரே வரிசையில் இருந்துகொண்டு கேட்கவில்லை. இப்போது எனக்குக் காரியம் ஆக வேண்டும், அதனால் கேட்டேன்.

வீட்டுக்கு ஒன்றாக நீலத் தார்ப்பாயும் கொடுத்திருந்தார்கள். தகரக் கொட்டாய் வந்த பிறகு அவை மடித்த மேனிக்குக் கிடந்தன. நாலையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன்.

வெளியூர்க்காரர்கள் கோயிலைப் பார்க்க அங்கே போவார்கள். நான் போனது சிற்பக் கொட்டகைகளுக்கு. அந்த வருஷம் தெருவில் வெள்ளைக்காரர்களே குறைவு. கடைக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் என்கிற சிற்பியின் பட்டறையில் மட்டும் உளிச் சத்தம் கேட்டது. கூரைக் கீற்று எல்லாம் போய்விட்டிருந்தது. அவரும் இரண்டு ஆட்களும் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மியா?" கண்ணாடியைக் கழற்றினார். "தோ பாரு. இது நடராஜரு. இது ஜெர்மனி போற புத்தரு. என்னாண்ட வந்து அம்மி கேக்குறியே?"

"ஜெர்மனிக்காரரு வந்துட்டாரா அண்ணாத்த?"

உளியைக் கீழே வைத்தார். "வர்ல" என்றார். "ஒருத்தனும் வர்ல."

நான் தார்ப்பாயைப் பிரித்து இரண்டு முனையை மூங்கிலில் கட்டிவிட்டேன். புத்தர்மேல் நிழல் விழுந்தது. ஆட்களில் ஒருவர் கேட்காமலே வந்து அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பேரம் பேசுவது சுலபமாக இருந்தது. நாலு தார்ப்பாய்க்கு மூன்று அம்மி என்றேன். அதோடு டீ போட ஒரு அடுப்பும் வேண்டும் என்றார். "எங்க வூட்ல மட்டும் நாலு கீது, ஒண்ணு தரேன்" என்றேன். கொஞ்சம் முன்னாடியே ஒத்துக்கொண்டுவிட்டோமோ என்று இரண்டு பேருக்கும் சந்தேகம்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் ஒரு பார்சல் புளிச்சோறு கொடுத்தார். பட்டறை மூலையில் ஒரு டிராயரைத் திறந்து காட்டினார். மூன்று கைக்கடிகாரம், ஒரு டார்ச், ஒரு மவுத் ஆர்கன். "எல்லாம் வெள்ளக்காரனுது. பாதிப் பேரு காலி பாக்கெட்டோட வருவான். இந்த வாட்ச எடுத்துக்கோ, அந்தக் கல் ஆமையக் குடுன்னுவான். குடுத்துடுவேன்."

"நஷ்டம் இல்லையா?"

"கடல் வந்தப்பறம் எனக்கு ஏழு லெட்டரு வந்துது, உயிரோட கீறியான்னு கேட்டு. ஏழும் மாத்திகினு போனவனுங்க போட்டது. காசு குடுத்து வாங்கினவன் ஒருத்தனும் போடல."

மூன்றாம் நாள் அடுப்போடு போனேன். ராத்திரியெல்லாம் வேலை செய்து மூன்று அம்மியும் மூன்று குழவியும் தயாராக வைத்திருந்தார்கள். கருங்கல் அப்படி மின்னியது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. எவ்வளவு அழகு என்று பூரித்துப்போனேன். ஏகாம்பரமும் இடுப்பில் கையை வைத்துப் பெருமையாக நின்றார். ஆட்கள் இரண்டு பேரும் மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

குப்பத்துப் பாதையில் திரும்பியதும் வண்டி மணலில் புதைந்தது. வண்டிக்காரர் மிதித்தார், நான் தள்ளினேன், அசையவில்லை. அந்த வழியாக ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்தது. கேட்காமலே வந்து தோள் கொடுத்தார்கள். வண்டி மணலை விட்டு ஏறியதும் அந்தப் பெண் அம்மியைத் தடவிப் பார்த்து என்னமோ கேட்டாள். வண்டிக்காரருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்.

"இது இன்னா சாமின்னு கேக்குது."

"மொளகா சாமின்னு சொல்லுங்க" என்றேன். அவர் அப்படியே சொன்னாரா தெரியாது. அவள் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் கன்னியம்மா அத்தை அம்மியைப் பார்த்தார். மிளகாயும் தண்ணீரும் வைத்துக் குழவியை ஒரு இழுப்பு இழுத்தார். மிளகாய் முழுசாக வழுக்கிக்கொண்டு போய் மணலில் விழுந்தது. இன்னொரு மிளகாய் வைத்தார். அதுவும் விழுந்தது. அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"அடி பைத்தியமே! சிலை செய்யிறவனாண்ட அம்மி சொன்னா பாலீஷ் போட்டுத்தான் குடுப்பான்! இதுல தல சீவிக்கலாம், மசாலா அரைக்க முடியாது!"

மூன்று வீட்டுப் பெண்களும் கூடி மாற்றி மாற்றி அம்மியில் முகம் பார்த்தார்கள். ஒருத்தி பொட்டைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. ஒண்ணாம் தேதிக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. பட்டறைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லை. "கொத்தாத அம்மிக்கு மெஷின் கெடையாது" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

படகு நிழலில் இருந்த நைனா எழுந்து வந்தார். எதற்காக இவ்வளவு சிரிப்பு என்று பார்க்கத்தான் வந்திருப்பார். அம்மியைப் பார்த்தார். விரலால் தடவினார். கொட்டாய்க்குள் போய்ப் பழைய உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, அம்மியை இரண்டு தொடைக்கு நடுவில் இழுத்துக்கொண்டு கொத்த ஆரம்பித்தார்.

டக், டக், டக். ஐந்து மாதத்தில் அவர் கையில் ஒரு சாமானை நான் பார்க்கவில்லை. முதல் வரிசை கோணலாகப் போனது. இரண்டாவது நேராக வந்தது. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"இத்தினியும் எதுக்கு?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"எஞ்சினுக்கு, நைனா."

உளி நிற்கவில்லை. கல் தூள் அவர் புருவத்தில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் மூன்று அம்மியையும் மூன்று குழவியையும் கொத்தி முடித்துவிட்டார். கன்னியம்மா அத்தை அப்போதே மிளகாய் அரைத்தார். அன்றைக்கு எங்கள் வரிசை முழுக்க அந்த வாசனைதான். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். அதில் வைத்த சுறாக் குழம்பை நைனா இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள், இளநீர் ஏற்றிக்கொண்டு போன ஒரு மினி லாரியில் நாலு மெஷினோடு புதுப்பட்டினம் போய் இறங்கினேன். டிரைவர் கூலி வேண்டாம் என்றார். இரண்டு ஸ்டவ் கேட்டார், கொடுத்தேன். அதற்குள் எனக்கு இது பழகிப்போயிருந்தது. யாரைப் பார்த்தாலும் இவருக்கு என்ன இல்லை என்று மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

தனம் அக்கா முதலில் என்னை அணுபுரத்துக்குக் கூட்டிப்போய், அளவு எடுக்கும் இரண்டு வீட்டைக் காட்டினார். ரோடு கோடு போட்ட மாதிரி இருந்தது. மரத்துக்கு மரம் நிழல். குழாயைத் திருகினால் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, நான் இரண்டு தடவை திருகிப் பார்த்தேன். ஒரு வீட்டு அம்மா பிளாஸ்டிக் குடம் ஒன்றை வெளியே வைத்துக்கொண்டு, "பழைய துணிக்கு வாங்கினது, மூணு புடவை போட்டேன்" என்று தனம் அக்காவிடம் சொன்னார். மாதச் சம்பளம் வாங்குகிற வீட்டிலும் இந்தப் பழக்கம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

புதுப்பட்டினத்தில் தனம் அக்கா வீட்டு வராந்தாவில் நாலு மெஷினையும் வரிசையாகப் போட்டார்கள். நாலு பெண்கள் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்கள். தட தடவென்று சத்தம். உள்ளே கட்டிலில் தனம் அக்காவின் வீட்டுக்காரர் முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் கோணிக்குள் எஞ்சின்.

"குடுக்க முடியாது" என்றார்.

கோணி பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாய்யா பேசுற?" தனம் அக்கா பாய்ந்தார். "அஞ்சு மாசமா டெய்லி அதுக்கு எண்ணெ போட்டுத் தொடச்சிகினு கீற. என் முட்டிக்கு ஒரு நாளு தடவி வுட்டுக்கிறியா?"

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுப்பியா? இது வூட்ல கீற வரைக்கும் உன் மனசு அங்கதான் போவும். அத்தொட்டுதான் குடுக்கிறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "படகு எத்தினி அடி?"

"இருவத்தெட்டு."

"யாரு ஓட்டுவாங்க?"

"எங்க நைனா."

"கூட?"

நான் வாயைத் திறந்தேன். "அண்ணன்தான் கூடப் போவான்" என்று வந்தது. சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. வராந்தாவில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

முனுசாமி அண்ணன் கட்டிலை விட்டு இறங்கினார். கோணியை இழுத்தார். எஞ்சின் கண்ணாடி மாதிரி பளபளவென்று வெளியே வந்தது, சிவப்பு எழுத்து உட்பட.

"முன்ன பின்ன பாக்காத ஆளு மாட்டினா ஷாஃப்ட்ட வளச்சிடுவான்" என்றார். "நானே வரேன்."

"மாட்டிட்டு வந்துடணும்!" என்று தனம் அக்கா கத்தினார்.

"மாட்டிட்டு வந்துடுவேன்."

"கடல்ல கால் நனையக் கூடாது!"

"நனையாது, நனையாது."

காசு கையில் இருந்திருந்தால் செங்கல்பட்டில் முதல் கடையிலேயே எஞ்சினை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பியிருப்பேன். ஏகாம்பரத்துக்கு நிழல் இல்லை என்பதோ, அத்தைக்கு அம்மி இல்லை என்பதோ, இந்த அண்ணனுக்குக் கடல் இல்லை என்பதோ எனக்குத் தெரிந்தே இருக்காது. இளநீர் லாரியில் எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒண்ணாம் தேதி விடிந்ததும் நைனாவும் முனுசாமி அண்ணனும் எஞ்சினை மாட்டிவிட்டார்கள். ஊரே கூடிப் படகைத் தண்ணீருக்குத் தள்ளியது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரையில் போட்ட கூச்சல் அணுபுரத்துக்கே கேட்டிருக்கும். எஞ்சின் பக்கம் கனம் சேர்ந்ததும் படகின் மூக்கு மேலே தூக்கியது.

"முன்னாடி கனத்துக்கு ஒரு ஆளு வேணும்" என்றார் முனுசாமி அண்ணன். அவர் கால் முட்டி வரை நனைந்திருந்தது.

நாலைந்து ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நைனா அவர்களைப் பார்க்கவில்லை. "நீ ஏறு" என்று என்னைச் சொன்னார்.

"யோவ், பொம்பளப் புள்ளைய எங்க இட்டுகினு போற?" என்று கன்னியம்மா அத்தை கரையிலிருந்து கேட்டார்.

"எஞ்சின் கொண்டாந்தது யாரு?" என்றார் நைனா.

ஏறினேன். முதல் அலையில் படகு எழும்பியபோது விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதில் உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. மூன்றாவது அலையைத் தாண்டியதும் கடல் திடீரென்று அமைதியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன்.

பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், அதை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. வடக்கே மாமல்லபுரத்துக் கோயில் கட்டைவிரல் உயரம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் கூண்டு. நடுவில் ஒரு விரலால் மறைத்துவிடக்கூடிய அளவுக்கு எங்கள் தகரக் கொட்டாய்கள், வெயிலில் மினுங்கிக்கொண்டு. எந்தப் பயணத்திலும் இவ்வளவு தூரம் நான் வந்ததில்லை. அண்ணன் தினமும் காலையில் இங்கே உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறான். நான் அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். ஆனால் அது ஐந்து மாதமாக அழுத அழுகை இல்லை.

கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. எறும்பு அளவு ஒரு ஆள் இறங்கினார். கையில் நோட்டு மாதிரி எதையோ வைத்திருந்தார். படகு கிடந்த இடத்தில் போய் நின்று, மணலில் இருந்த தடத்தைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு பத்து கைகள் ஒரே நேரத்தில் கடலைக் காட்டின.

"யாரு அது?" என்று நைனா கேட்டார். கடலில் பார்வை படாமல் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தவர், இப்போது கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்துக் கரையைத் தேடினார்.

"படக எடுத்துகினு போக வந்தவரு நைனா."

எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த முனுசாமி அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "தனத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

"திரும்பட்டுமா?" என்று நைனா என்னிடம் கேட்டார். "அந்த ஆளு காத்துகினு கீறாரே."

"காத்துகினு இருக்கட்டும் நைனா" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம் போலாம்."